யூலை என்ற குடும்பப் பெயர்

என் கணவர் ஒரு மாதத்தின் பெயரைச் சொல்ல மாட்டார். கல்யாணமான புதிதில் நான் அதைக் கவனிக்கவில்லை. பல் டாக்டரிடம் எப்போது போக வேண்டும் என்று கேட்டால் "ஏழாம் மாசம்" என்பார். வீட்டு ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று கேட்டாலும் "ஏழாம் மாசம்"தான். ஒரு நாள் பகிடியாக, "ஏன், யூலை எண்டு சொன்னா வாய் வெந்து போயிடுமோ?" என்று கேட்டேன். அன்றைக்குத்தான் சொன்னார்.

எண்பத்துமூன்று யூலையில் அவருக்கு ஏழு வயது. கொழும்பில், வெள்ளவத்தையில் இருந்தார்கள். தமிழருக்கு எதிரான கலவரம் தொடங்கிய காலை அவருடைய அப்பா, என் மாமா, தன் கடையை ஒருக்கால் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இறங்கிப் போனார். திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. தாயும் அவரும் அகதிகளாகக் கப்பலில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார்கள். இவ்வளவையும் சோற்றைக் கிளறிக்கொண்டே சொன்னார். "பேந்து இதைப் பற்றிக் கதைக்க வேண்டாம்" என்றார். எங்களுக்கு மகள் பிறந்த பிறகு, அவளுக்கும் சொல்லக்கூடாது என்றார். அப்பப்பா கொழும்பில் கடை வைத்திருந்தார், எண்பத்துமூன்றில் செத்துப்போனார் என்பதற்கு மேல் அவளுக்கு எதுவும் தெரியாது.

மொன்றியலில் அந்த மாதத்திலிருந்து தப்ப முடியாது. முதலாம் திகதி பாதி நகரம் வீடு மாறும். வளைந்த இரும்புப் படிகளில் ஆட்கள் குளிர்சாதனப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திணறுவார்கள். மாதக் கடைசியில் கட்டட வேலைக்காரருக்கு விடுமுறை வரும். அவர் வேலை செய்யும் துறைமுகத்துப் பக்கக் களஞ்சியத்திலும் எல்லாரும் வசந்தம் பிறந்ததிலிருந்து இந்த மாதத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். ஆனால் அவர்கள் பேசுவது பிரெஞ்சில். "ஜுய்யே" என்பார்கள். அந்தச் சொல் அவரைத் தொடவேயில்லை. அவரும் அவர்களோடு "ஜுய்யே, ஜுய்யே" என்று சிரித்துப் பேசுவதை நானே கேட்டிருக்கிறேன். யூலை கொழும்பில் நடந்தது. ஜுய்யே இங்கே வரும் வெயில் மாதம். அவருக்கு அவை இரண்டும் வேறு வேறு மாதங்கள். இப்படியாவது ஒரு வழி கிடைத்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

போன வசந்தத்தில், ஒரு ஞாயிறு மத்தியானம், புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மகளுக்குப் பதின்மூன்று வயது. சரித்திர வகுப்பில் ஆளுக்கொரு ரோமானியக் குடும்பப் பெயரைக் கொடுத்து, அந்தப் பெயர் இன்றைக்கு எங்கே மிஞ்சியிருக்கிறது என்று பேசச் சொல்லியிருந்தார்கள். அவள் நேரே தகப்பனைப் பார்த்துத் தொடங்கினாள்.

"அப்பா, ஜுய்யே எண்டுறது ஒரு குடும்பத்தின்ர பேர், தெரியுமோ?"

"அப்பிடியோ?" என்றார் அவர்.

"யூலியுஸ் எண்டு ஒரு குடும்பம். அதில வந்த ஒரு தளபதியைக் குத்திக் கொலை செய்தவங்கள். அவர் பிறந்த மாசத்துக்கு அந்தப் பேரை வச்சவை. அதுக்கு முதல் அந்த மாசத்துக்குப் பேரே இல்லை. உங்களை மாதிரி நம்பர்தான் சொல்லுறவை!" அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எங்கட ஆக்கள் யூலை எண்டு எழுதுறதுதான் சரியாம். லத்தீனில ய எண்டுதான் வருமாம். யூலியுஸ், யூலை, ஜுய்யே, எல்லாம் ஒண்டுதான், அப்பா. ஒரே பேர்."

அவருடைய கை புட்டுக் கோப்பையில் நின்றுவிட்டது. எனக்கு அவளின் வாயைப் பொத்த வேண்டும்போல் இருந்தது. பிள்ளை என்ன பிழை செய்தாள்? படித்ததைச் சொன்னாள். "இன்னும் கொஞ்சம் குழம்பு விடட்டோ?" என்று கேட்டேன். அவர் எழும்பிப் போய்க் கை கழுவினார். குழாய் வெகுநேரம் ஓடியது.

அதற்குப் பிறகு பிரெஞ்சுச் சொல்லும் அவருக்கு இல்லாமல் போயிற்று. லீவு எப்போது வேண்டும் என்று மேற்பார்வையாளர் கேட்டபோது "செத்தியெம் முவா", ஏழாம் மாதம், என்று சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் சிரித்தார்களாம். இடைவேளையில் அவர்கள் விடுமுறைக் கதை தொடங்கினால் வெளியே போய்க் கொள்கலன்களுக்கு நடுவில் நிற்கிறாராம். அவரே சொன்னார். சொல்லிவிட்டு, "விசர் எண்டு நினைப்பாய்" என்றார். இல்லை என்றேன்.

"பிள்ளைக்குச் சொல்லுவமே?" என்று கேட்டேன்.

"வேண்டாம். அவளாவது அந்த மாசத்தைச் சும்மா ஒரு மாசமா வச்சிருக்கட்டும்."

மகளிடம் போய், வேறு குடும்பப் பெயர் ஒன்றை எடுக்கலாமே என்றேன். "ஏன் அம்மா?" என்றாள். எல்லாருக்கும் தெரிந்த கதைதானே என்று சமாளித்தேன். அவள் என்னைக் கூர்ந்து பார்த்தாள். பிறகு கணினியின் பக்கம் திரும்பினாள்.

பேச்சு நாளுக்குப் பெற்றோரை அழைத்திருந்தார்கள். அவர் வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். வேலை உடுப்போடு நேரே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

எங்கள் குடும்பப் பெயரை ஆசிரியர் துண்டு துண்டாக உடைத்து வாசித்தார். உண்மையில் அது குடும்பப் பெயரே இல்லை. மாமாவுக்கு அவர் தாய் தகப்பன் வைத்த பெயர். இந்த நாட்டுக்கு வந்தபோது இவருக்கு அது குடும்பப் பெயராகி, பிறகு மகளுக்கும் வந்தது. மகள் முன்னால் வந்து யூலியுஸ் குடும்பத்தைப் பற்றி நன்றாகப் பேசினாள். கடைசியில், ஒவ்வொருவரும் தங்கள் பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் பிரெஞ்சில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"எங்கள் பெயர் என் அப்பாவின் அப்பாவுடைய பெயர். அவருக்குக் கொழும்பில் ஒரு கடை இருந்தது. அவர் பெயரில் மாதமோ தெருவோ கிடையாது. அவர் எந்த ஆண்டு இறந்தார் என்று எனக்குத் தெரியும். அந்த ஆண்டு அங்கே என்ன நடந்தது என்று தேடி வாசித்தேன். அதனால் அவர் யூலை மாதத்தில்தான் இறந்தார் என்று நினைக்கிறேன். அப்பாவிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை."

எல்லாரும் மரியாதையாகக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பக்கத்தில் இவருடைய கைகள் மடியிலேயே கிடந்தன.

திரும்பும்போது மெற்றோவில் மூவரும் ஒரே வரிசையில் இருந்தோம். அவள் நடுவில்.

"கோவமோ அப்பா?"

"இல்லைப் பிள்ளை."

"நான் சொன்னது சரியோ?"

"ஓம்."

பிறகு அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாங்கள் இறங்க வேண்டிய நிலையம் வந்தது. கதவு திறந்தது. மகள் அசையவில்லை. நானும் எழும்பவில்லை. கதவு மூடிக்கொண்டது. ரயில் ஆற்றுக்கு அடியால் அக்கரையில் இருக்கும் லவால் நகரை நோக்கிப் போனது.

"கடையில பிஸ்கட் தகரங்கள் அடுக்கியிருக்கும். அது ஞாபகம் இருக்கு" என்றார். அவள் காத்திருந்தாள். "அவர் போடுற சேட்டும் ஞாபகம். குரல்தான் வருகுதில்லை. வீட்டில என்னை ஏதோ ஒரு செல்லப்பேர் சொல்லித்தான் கூப்பிடுறவர். அது என்னெண்டு எவ்வளவு யோசிச்சும் வருகுதில்லை, பிள்ளை. அம்மாவும் போயிட்டா, கேக்கிறதுக்கு இப்ப ஒருத்தரும் இல்லை."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், எனக்குத் தெரிந்திருக்கும் என்பதுபோல. எனக்கு எப்படித் தெரியும்? அப்போது நான் பிறந்திருக்கவும் இல்லை.

கடைசி நிலையத்தில் எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். நாங்களும் இறங்கி, திரும்பிப் போகும் ரயிலுக்காக மற்றப் பக்கத்தில் போய் நின்றோம். அவள் தகப்பனின் வேலைச் சட்டையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றார். அவருடைய உதடுகள் சத்தமில்லாமல் ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தன.