பானட்டில் ஜரிகைக் கீறல்

மழை ஓய்ந்த ஒரு காலையில், எங்கள் பழைய பிக்கப் வண்டியின் பெயிண்டைத் தேற்றுவதற்கு ஆள் வந்தார். நாற்பது வயதிருக்கும். கொட்டகைக்குத் தார்ப்பாய் கட்டி வெளிச்சத்தை அடைத்தார். வண்டியைக் கழுவி, களிமண் போன்ற ஒன்றை ஈரத்தோடு உருட்டி உருட்டி அழுக்கை எடுத்தார். பிறகு கதவில் பாலீஷ் மெஷினை ஓட்டினார். அதிலிருந்த வெள்ளைப் பஞ்சுத் தட்டு பச்சையாகிக்கொண்டே வந்தது. அந்தக் காலத்துப் பெயிண்ட் அப்படித்தான் நிறம் விடும் என்றார்.

நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். வெளிறிக் கிடந்த கதவு மெல்ல ஏரித் தண்ணீரைப்போல ஆழமானது. தார்ப்பாய் இடுக்கில் வந்த வெயில் அதற்குள் மிதந்தது. மெஷின் ரீங்காரத்தில் கண் சொக்கியது. பின்னால் பட்டு நூல் கட்டுகள் அசைய, இரு பக்கமும் நெல் அசைய, அப்பாவின் பக்கத்தில் அமர்ந்து போவதுபோல இருந்தது. தூங்கினேனா விழித்திருந்தேனா என்று சொல்லத் தெரியவில்லை.

"சார், இங்க வாங்க."

பானட்டின் மேல் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். வெளிச்சத்தைச் சுற்றி மெல்லிய கீறல்கள், வட்டம் வட்டமாக, சிலந்தி வலைபோல.

"இது மண்ணு கீறல் இல்ல சார். மண்ணுன்னா தாறுமாறா இருக்கும். இது ஒரே மாதிரி கம்பிக் கீறல். யாரோ ஜரிகைத் துணியால தொடைச்சிகினே இருந்துக்கிறாங்க. யாரு சார் அந்தப் புண்ணியவான்?"

"டிரைவர்" என்றேன்.

"அவன் கைய ஒடிக்கணும் சார்" என்று சிரித்தார்.

யோசிக்காமல் வந்த பொய் அது. இருபத்தைந்து வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தேன்.

துடைத்தவன் நான். வெள்ளிக்கிழமைதோறும் நானே துடைப்பேன். பழுதாகி விலைபோகாமல் நின்ற ஒரு பட்டுச் சேலையைக் கிழித்து வைத்திருந்தேன். பட்டைவிட மிருதுவானது எது? பட்டு வியாபாரியின் வண்டியைப் பட்டால் துடைப்பதில் எனக்குப் பெருமை. அதன் கரையிலிருந்த ஜரிகை உலோகம் என்பது ஜரிகையிலேயே பிழைத்த எனக்குத் தோன்றவில்லை. எம்.ஏ. படித்திருந்தேன்.

டிரைவர் களம்பூர்க்காரர். பன்னிரண்டு வருஷம் எங்களிடம் ஓட்டியவர். ஒரு காலை, தெரு நீளத்துக்குத் தறிக்கான பாவு நூலை விரித்து நெசவாளர்கள் இழைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, பானட்டில் வெயில் விழுந்து கீறல்கள் எழும்பின. எல்லார் எதிரிலும் கத்தினேன்: "மண்ணோட தொடைச்சி வண்டியையே நாசம் பண்ணிட்டியே!"

"அந்த ஜரிகைத் துணிதான் மொதலாளி கீறுது" என்றார் அவர்.

"பட்டைப் பத்தி நீ எனக்குப் பாடம் எடுக்குறியா?" என்று கேட்டு, அங்கேயே சாவியை வாங்கிக்கொண்டேன். அவர் பேருந்து நிலையத்தை நோக்கி நடந்தார். பாவின் இருபுறமும் நின்றவர்கள் இழையைப் பார்த்தபடி இருந்தார்கள்.

"ஆரம்பிக்கட்டுமா சார்? ரெண்டு கை போட்டா ஒரு கீறலும் தெரியாது" என்றார் பாலீஷ்காரர்.

மெஷின் ஓடிவிட்டால், டிரைவர் அன்று சொன்னது சரி என்பதற்கு இந்த உலகத்தில் ஒரு தடயமும் இருக்காது.

"பானட்டை மட்டும் விடுங்க. டிரைவர் இல்ல, நான்தான் தொடைச்சேன்" என்றேன். அவர் டார்ச்சை அணைத்துவிட்டு, மறு கதவுக்குப் போனார்.

மறுநாள் களம்பூருக்கு பஸ் ஏறினேன். விசாரித்ததில் ஒரு அரிசி மில்லை ஒட்டிய தெருவில் வீடு. காற்றில் தவிடு மிதந்துகொண்டிருந்தது. டிரைவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன், ஜரிகைதான், நான்தான் என்று.

"அது எனக்கு அப்பவே தெரியுமே மொதலாளி. இதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க? உக்காருங்க."

டீ வந்தது. குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "தெருவுல நாலு பேரு முன்னாடி சொன்னீங்க. இப்ப வூட்டாண்ட வந்து என் ஒருத்தன் காதுல சொல்றீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. நான் தலைகுனிந்து பஸ் ஏறினேன்.

அடுத்த விடியலில் அதே தெருவில் பாவு விரித்திருந்தார்கள். பனிக்குள் இழைகள் தொடக்கமும் முடிவும் தெரியாமல் நீண்டிருந்தன. மனிதர்கள் அவற்றின்மேல் குனிந்து நீந்துவதுபோல இருந்தார்கள். நடுவில் போய் நின்றேன். டிரைவரைப் பழித்தது பொய், வண்டியைக் கெடுத்தது என் கை என்று முழுவதும் சொன்னேன். யாரும் கையிலிருந்த இழையை விடவில்லை.

ஒரு வயசான நெசவாளர் நிமிர்ந்தார். "யாரு, அந்தக் களம்பூராரா? ஜரிகை கீறும்னு எங்க எல்லாருக்கும் தெரியும் மொதலாளி. அன்னிக்கே நாங்க பேசிகினுதான் இருந்தோம்."

"ஏன் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? தள்ளி நில்லுங்க, பாவு மேல காலு படுது."

யாரோ சிரித்தார்கள். நான் தள்ளி நின்றேன்.

வீட்டுக்கு வந்து டிரைவருக்கு போன் செய்தேன்.

"எத்தினி பேரு இருந்தாங்க?" என்றார்.

"ஏழு பேர். அன்னைக்கு இருந்தவங்க அதுல ரெண்டு பேர்தான்."

மில் ஓடும் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினார்.

"சரி, பானட்ட தேய்க்கச் சொல்லுங்க. வெயில்ல வெச்சி தேய்க்க வேணாம் மொதலாளி, பெயிண்ட் சூடாயிடும்."