சும்மா ஒரு டெஸ்ட்தான்!

"சும்மா ஒரு டெஸ்ட்தான், எதை வேணும்னாலும் எழுதுங்க" என்றேன் எஸ்தரிடம். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

என் வேலை என்னவென்று பலர் கேட்கிறீர்கள். புது ஆப்களைச் சாதாரண மனிதர்கள் கையில் கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது. ஆமாம், அதற்குச் சம்பளமும் தருகிறார்கள்!

போன வாரம் மாதனூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனி. தொழிலாளர்கள் புகார் சொல்வதற்காக ஒரு ஆப் செய்திருந்தார்கள். எல்லோருக்கும் கொடுக்கும் முன் நான் சோதித்துப் பார்க்க வேண்டும். கேன்டீன் மூலையில் ஒரு மேஜை, கம்பெனி தந்த போன், எதிரே எஸ்தர். ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டும் பிரிவில் வேலை.

எஸ்தர் தடுமாறவே இல்லை. மடமடவென்று டைப் செய்தார். 'பேஸ்டிங் செக்‌ஷன்ல எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடல. பசை வாடை ஜாஸ்தி. தலை சுத்துது.' கீழே தன் பெயரையும் போட்டு அனுப்பிவிட்டார்.

'உங்கள் புகார் மேலாளருக்குச் சென்றுவிட்டது' என்றது திரை. சந்தோஷமாகக் குறித்துக்கொண்டேன். அப்புறம்தான் உறைத்தது... திரையின் மேலே 'சோதனை' என்று இருக்க வேண்டுமே? காணோம். யாரோ அசல் ஆப்பையே போட்டுக் கொடுத்துவிட்டார்கள்!

"மேடம், நெஜமாவே போய்டுச்சா?" எஸ்தருக்கு முகம் வெளுத்துவிட்டது. "இப்பதான் என்னை பர்மனன்ட் பண்ணாங்க. பேஜாராய்டும் மேடம்!"

"பதறாதீங்க, எடுத்துடலாம்" என்று போனை வாங்கினேன். தேடிப் பிடித்து ஒரு பட்டனை அழுத்தினால், 'புகாரை ரத்து செய்யவா?' என்று கேட்டது. கீழே இரண்டு பட்டன்கள். ஒன்று 'சரி'. இன்னொன்று 'ரத்து'.

எது எதை ரத்து செய்யும்? புகார் ரத்தா... அல்லது ரத்தே ரத்தா? இதற்கென்றே படித்தவள் நான். விரல் அந்தரத்தில் நின்றது. கடைசியில் 'ரத்து'வை அழுத்தினேன்.

'உங்கள் புகார் தொடர்கிறது. நன்றி.'

மறுபடி முயல்வதற்குள் ஹெச்.ஆர். மேனேஜரே வந்துவிட்டார், கையில் போனோடு.

"இன்னா மேடம் இது? டெஸ்ட்டா, நெஜமா?"

என்ன சொல்வது? டெஸ்ட் என்றால் புகார் செத்தது. நிஜம் என்றால் எஸ்தர் மாட்டினார். அதற்குள் எஸ்தரே எழுந்து நின்றார்.

"டெஸ்ட்தான் சார். வாடைதான் நெஜம்."

மேனேஜர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். கோபமா, சிரிப்பா — எனக்குப் பிடிபடவில்லை. "வாங்க, பாக்கலாம்" என்று நடந்தார். பின்னாலேயே நாங்களும். அந்தப் பிரிவின் வாசலிலேயே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பொத்தியபடியே எலக்ட்ரீஷியனுக்கு போன் போட்டார்.

சாயங்காலம் ஃபேன் ஓடியது. கம்பெனி பஸ் ஜன்னலிலிருந்து எஸ்தர் கையை ஆட்டினார். "மேடம், நான் பாஸா?"

பாஸ்தான். ஆனால் அறிக்கையில் என்ன எழுதுவது? குழப்பும் பட்டன், உடனே மாற்றவும் என்றுதான் எழுத வேண்டும். எழுதியும் விட்டேன். அப்புறமும் மனம் சமாதானமாகவில்லை.

அந்தப் பட்டன் மட்டும் தெளிவாக இருந்திருந்தால், எஸ்தரின் புகாரை நானே அழித்திருப்பேன்... உதவி என்ற பெயரில்!