பதினோரு மணித் தேர்வும் விஜயலட்சுமியின் கம்ப்யூட்டரும்

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையில் வரிசையாக ஆறு கடைகள். நான்காவது என்னுடைய ஃபேன்சி ஸ்டோர், ஐந்தாவது விஜயலட்சுமியின் ஆன்லைன் சென்டர். நடுவில் இருப்பது ஒரே ஒரு செங்கல் சுவர். அவள் அங்கே தும்மினால் இங்கே என் வளையல் ஸ்டாண்டு ஆடும். பதினோரு வருடமாக அவளோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். என் பெயர் ரோஷன் பீவி. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், சிரிப்பு அதைவிடச் சீக்கிரம் வரும். இரண்டும் சேர்ந்து வந்த ஒரு விஜயதசமி காலையைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் அவளைச் சொல்லிவிடுகிறேன். நைனார்பாளையத்தில் பிறந்தவள். வயது நாற்பத்தாறு, சான்றிதழில் நாற்பத்தைந்து, அதையும் சத்தம் போட்டுச் சொல்ல மாட்டாள். வீட்டுக்காரர் ராஜாங்கம் நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறார். எந்த மாவட்டத்தில் அறுவடை நடக்கிறதோ அங்கே இருப்பார், அதனால் கடையும் வீடும் இவள் தலையில்தான். டைப் அடிக்கும்போது கீ போர்டைப் பார்க்கவே மாட்டாள். சாலையில் போகிற சங்கராபுரம் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு, “இன்னிக்கு இன்னா கொழம்பு?” என்று சுவர் வழியாக என்னை விசாரித்துக்கொண்டே ஒருவருடைய வருமானச் சான்று விண்ணப்பத்தை முடித்துவிடுவாள்.

அவளிடம் ஒரு கிறுக்குத்தனம் உண்டு. எதையும் விட்டுவைக்க மாட்டாள். விண்ணப்பத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவளுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். நட்சத்திரக் குறி இல்லாத கட்டத்தை விட்டுவிடலாம் என்று அதிலேயே எழுதியிருக்கும். “கட்டம் போட்டது எதுக்கு? வேடிக்க பாக்கவா?” என்று வந்தவரைக் கேட்டு, அவருடைய தாத்தா பெயர் வரைக்கும் வாங்கி நிரப்பிவிட்டுத்தான் அனுப்புவாள். வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு அவளைத் திட்டியதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். ஆனால் அவள் அனுப்பிய விண்ணப்பம் திரும்பி வந்ததாக ஒருவரும் சொன்னதில்லை.

இந்த வருடம் கடையில் ஈ ஓட்டும் நிலை. எல்லாருடைய கையிலும் போன், எல்லாரும் அவரவரே விண்ணப்பிக்கிறார்கள். ஒரு நாள் மெதுவாக ஆரம்பித்தாள். “தீபாவளியோட கடைய காலி பண்ணிடலாம்னு இருக்கேன்டி. அண்ணன் கரும்புத் தோட்டத்த பாத்துக்கினு ஊர்லயே இருந்துடறேன்.” எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அந்தச் சுவருக்கு அப்பால் வேறு யாரோ வந்து உட்காருவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மூன்றாம் நாள் ஓடி வந்தாள். சென்னையில் ஒரு நிறுவனம், பேசிய பேச்சைக் கேட்டுத் தமிழில் டைப் அடித்துக் கொடுக்க ஆள் எடுக்கிறது. இருந்த இடத்திலிருந்தே வேலை, மாதச் சம்பளம். கடை வாடகையை அதிலேயே கட்டிவிடலாம், கடையும் நடக்கும். பத்து நிமிடத் தேர்வு, இன்டர்நெட் மூலமாக. முன்கூட்டியே பதிவு செய்த கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும். குறித்த நேரத்தில் உள்ளே போகாவிட்டால் அவ்வளவுதான், இன்னொரு தடவை கிடையாது. மூன்று தேதிகள் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தார்கள். அவள் எடுத்தது விஜயதசமி, காலை பதினோரு மணி.

“விஜயதசமியில தொட்டது வெளங்கும்டி,” என்றாள்.

“லீவு நாளுடி. ஏதாச்சும் ரிப்பேர்னா ஒருத்தனும் வர மாட்டான்,” என்றேன். என் பேச்சை எப்போது கேட்டிருக்கிறாள்?

அன்று காலை எட்டரைக்கே கடையைத் திறந்துவிட்டாள். கம்ப்யூட்டரைப் போட்டுப் பார் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். பூஜையில் வைத்ததை நல்ல நேரம் வராமல் தொட மாட்டாளாம். ஒன்பதே முக்காலுக்கு நல்ல நேரம். கரெக்டாக ஒன்பது ஐம்பதுக்குச் சுவர் அதிர ஒரு கத்தல்.

“ரோஷன்! நெட்டு வரலடி!”

போய்ப் பார்த்தால், திரையின் மூலையில் ஒரு சின்ன உருண்டை, அதன்மேல் தடை போட்ட குறி. அணைத்துப் போட்டாள். மறுபடி அணைத்துப் போட்டாள். சுவரில் மாட்டியிருக்கும் வெள்ளை நெட்டு பாக்ஸையும் அணைத்துப் போட்டாள். பாக்ஸில் எல்லா விளக்கும் பச்சையாக எரிந்தது. என் போனில் அதே பாக்ஸின் வைஃபையைப் பிடித்தேன். பிரியாணிச் சமையல் வீடியோ தங்குதடையில்லாமல் ஓடியது. அதாவது கடைக்குள் நெட்டு இருக்கிறது, கம்ப்யூட்டருக்குள் மட்டும் போக மாட்டேன் என்கிறது. அந்தக் கம்ப்யூட்டருக்கோ வைஃபை கிடையாது, வயர் வழியாகத்தான் எல்லாம்.

நெட்டு லைன் பார்க்கிற அய்யப்பனுக்குப் போன் போட்டோம். அவன் எங்கள் இருவருக்கும் தம்பி மாதிரி. நாலாவது தடவை எடுத்தான். பின்னால் ஒரே தண்ணீர்ச் சத்தம்.

“எங்கப்பா கீற?”

“மலையில கீறேன்க்கா! குடும்பத்தோட பெரியார் அருவிக்கு வந்துகிறோம். பாதி தலைதான் நனைஞ்சிது. இன்னா ஆச்சி?”

விஷயத்தைச் சொன்னதும், “இருங்க, இங்க டவர் கம்மி, ரோட்டு வளைவுக்கு வந்துடறேன்,” என்றான். ஈரத் துண்டோடு அவன் கல்வராயன் மலையில் ஓடுவது எங்களுக்குப் போனிலேயே கேட்டது. பின்னாலிருந்து அவன் மாமியார் என்னவோ கத்தினார். அதை இங்கே எழுத முடியாது.

“அக்கா, பாக்ஸ்ல செவப்பு லைட் எரியுதா?”

“இல்ல.”

“அப்ப லைன் நல்லா கீது. கம்ப்யூட்டர் பின்னாடி வயரைப் புடுங்கி சொருவுங்க. டக்குனு சத்தம் வரணும்.”

விஜயலட்சுமி புதுப் பட்டுப் புடவையோடு மேசைக்கடியில் புகுந்தாள். நான் போன் லைட்டைப் பிடித்தேன். சொருகினாள். “வந்துச்சி, வந்துச்சி,” என்றாள். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஆனால் அவளோடு வாதம் செய்யும் நேரமா அது?

“சொருவற எடத்துக்குப் பக்கத்துல சின்ன லைட் மினுக்குதா?”

மினுக்கவில்லை. பாக்ஸில் ஒன்றாம் ஓட்டையிலிருந்து இரண்டாம் ஓட்டைக்கு மாற்றினோம். இல்லை. மூன்றாம் ஓட்டை. இல்லை. மேசை டிராயரிலிருந்து வேறு வயரை எடுத்து மாட்டினாள், அதற்கும் இல்லை. போனையே கம்ப்யூட்டரோடு வயரில் இணைத்து நெட்டைக் கொடுக்கலாம் என்றான் அய்யப்பன். என் போன் வயர் சார்ஜ் மட்டும் ஏறுகிற மலிவு ரகம், அவளுடையதும் என் கடையில் நானே விற்ற அதே ரகம். அன்றைக்கு எனக்கு என் வியாபாரத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது.

மணி பத்து இருபது. திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கச் சொன்னான். கேபிள் சொருகப்படவில்லை என்று எழுதியிருந்தது.

“சொருவிகினுதானே கீறேன்! காலைலேருந்து இன்னா பண்ணிகினு இருக்கேன் இங்க?” என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். திரை அதையே காட்டிக்கொண்டிருந்தது.

அய்யப்பன் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தான். “ரெண்டு வயர் மாத்தியாச்சி, பாக்ஸும் நல்லா கீது. அப்ப கம்ப்யூட்டர் பக்கம்தான். நேத்து இன்னா பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணல.”

“ஆயுத பூஜைக்குத் தொடைச்சீங்களா?”

“தொடைக்காம? எல்லா வயரையும் கழட்டிட்டு, பளபளன்னு தொடைச்சேன்.”

“பொட்டு வெச்சீங்களா?”

“வெக்காம?”

“எங்கெங்க வெச்சீங்க?”

நான் கம்ப்யூட்டர் பெட்டியை இழுத்துத் திருப்பி லைட்டை அடித்தேன். யா அல்லா! கல்யாணப் பெண்ணுக்குக்கூட அவ்வளவு பொட்டு வைக்க மாட்டார்கள். ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். காற்றாடியின் நாலு மூலைக்கும் நாலு. கீ போர்டு சொருகும் ஓட்டைக்கு மேலே ஒன்று, மவுஸுக்கு மேலே ஒன்று. எல்லாம் ஓரத்தில்தான் இருந்தன. நெட்டு வயர் சொருகும் சதுர ஓட்டைக்கு மட்டும் உள்ளே, நடு வீட்டில், கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு சந்தன உருண்டை, அதன்மேலும் குங்குமம். காய்ந்து கல்லாகியிருந்தது.

“ஏன்டி உள்ள வெச்ச?”

“அதச் சுத்தி எடமே இல்லடி,” என்றாள் மெல்லிய குரலில். “பாக்கறதுக்கு வெளக்கு வெக்கிற மாடம் மாதிரி இருந்துச்சி. அதான் உள்ளயே வெச்சிட்டேன். அது ஒண்ணுக்கு மட்டும் இல்லாம எப்படி உடறது?”

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. மலை மேல் அய்யப்பனும் சிரித்தான், அங்கே அவனைத் தேடி வந்த அவன் சம்சாரத்துக்கும் சொல்ல, அந்தப் பெண்ணும் சிரித்தாள். நிமிர்ந்து பார்த்தால் விஜயலட்சுமி அழுதுகொண்டிருந்தாள். புருவத்துக்கு மேல் ஒட்டடை, கன்னத்தில் கண்ணீர். “என் கையாலயே கெடுத்துக்கினேன்டி,” என்றாள். எனக்கு என்னை நாலு அறை அறையலாம் போல இருந்தது.

“அய்யப்பா, சிரிச்சது போதும். இப்ப இன்னா பண்ணணும், சொல்லு.”

சொன்னான். கம்ப்யூட்டரை அணைத்து கரண்ட் வயரைப் பிடுங்க வேண்டும். தண்ணீர் கூடவே கூடாது. மெடிக்கலில் ஊசி போடும் முன் தடவுகிற ஸ்பிரிட் வாங்கி, மெல்லிசான பிரஷ்ஷில் தொட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுக்க வேண்டும். உள்ளே தலைமுடி மாதிரி எட்டுக் கம்பி இருக்கும், அழுத்தினால் வளைந்துவிடும். ஈரம் சுத்தமாகக் காய்ந்த பிறகுதான் கரண்ட் கொடுக்க வேண்டும்.

நான் எழுந்துவிட்டேன். அவள் நகரவில்லை.

“சாமிக்கு வெச்சத எப்படிடி சொரண்டறது? மறுபூஜைகூட இன்னும் போடல.”

“நீ சொரண்டாத, நான் சொரண்டறேன். பதினோரு வருஷமா உங்க பொரியும் சுண்டலும் தின்னவ நானு. உன் சாமிக்கு என்னை நல்லாத் தெரியும்.”

அவள் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் என் கடைக்கு ஓடி, இமைக்கு மை தீட்டுகிற பிரஷ்ஷில் நாலைந்து பாக்கெட்டைக் கிழித்தேன். எதிர் வரிசை மெடிக்கலில் ஸ்பிரிட் வாங்கி வந்தேன். கல்யாண வயதுப் பெண்கள் அரை மணி நேரம் தேர்ந்தெடுத்து வாங்குகிற பிரஷ் அது. அதை வைத்து மேசைக்கடியில் படுத்துச் சந்தனம் சுரண்டினேன். முதல் பிரஷ் சிவப்பாகிப் போனது. இரண்டாவது மஞ்சளானது. கோயிலும் ஆஸ்பத்திரியும் கலந்த ஒரு வாசனை மூக்கில் ஏறியது. மூன்றாவது பிரஷ் போட்டபோது உள்ளே எட்டுக் கம்பிகளும் தங்கமாகப் பளிச்சிட்டன. எண்ணினேன். எட்டுதான்.

விஜயலட்சுமி ஒரு பழைய காலண்டர் அட்டையால் விசிறினாள். டேபிள் ஃபேனையும் திருப்பி வைத்தாள். வாயால் ஊதப் போனவளை நான் தலையில் தட்டினேன், எச்சில் பட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பத்து ஐம்பத்திரண்டு. கரண்ட் கொடுத்தோம். வயரைச் சொருகினேன்.

டக்.

அந்தச் சத்தம் கேட்டதும் இரண்டு பேரும் வீல் என்று கத்தினோம். பக்கத்தில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது, பச்சை விளக்கு கண் சிமிட்டியது, மறுபடி கத்தினோம்.

“அக்கா! அக்கா! ஷாக் அடிச்சிடிச்சா?” என்று அய்யப்பன் போனில் அலறினான்.

“மினுக்குதுடா தம்பி! மினுக்குது!”

“அப்ப நான் குளிக்கப் போவட்டுமா? பல்லு கிடுகிடுன்னு ஆடுதுக்கா.”

பத்து ஐம்பத்தெட்டுக்குத் தேர்வுப் பக்கம் திறந்தது. அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். நான் வெளியே போய் வாசலை மறித்து நின்றேன். பிறப்புச் சான்று கேட்டு மணலூர்பேட்டையிலிருந்து ஒருவர் வந்தார். “பத்து நிமிஷம் கழிச்சி வாங்க. இப்ப உள்ள போனீங்கன்னா மனுஷியா இருக்க மாட்டேன்,” என்றேன். அவர் என் கையிலிருந்த குங்குமக் கறையைப் பார்த்துவிட்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டார்.

உள்ளே அவள் விரல்கள் ஓட ஆரம்பித்தன. பதினோரு வருடமாகச் சுவர் வழியாகக் கேட்ட சத்தம்தான். ஆனால் அன்றுதான் முதல் தடவையாக அவள் சாலையைப் பார்க்காமல், குழம்பு கேட்காமல், கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நான் வேண்டிக்கொண்டேன்.

பத்து நிமிடம் முடிந்து திரை வெள்ளையானது. ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு எழுத்துகள் வந்தன. தேர்ச்சி பெற்றுவிட்டீர்கள், பணியில் சேரக் கீழே உள்ள கட்டங்களை நிரப்புங்கள்.

முதல் கட்டம் பெயர். விஜயலட்சுமி கையைக் கீ போர்டில் வைத்தாள். எழுத்து தப்பாக விழுந்தது. அழித்தாள், மறுபடி தப்பு. ஊரில் உள்ள அத்தனை பேரின் பெயரையும் பார்க்காமலே அடித்தவள், தன் பெயரை அடிக்க முடியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“என்னால முடியலடி. நீ அடி.”

நான் ஒற்றை விரலால் அடித்தேன். எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொல்லிக்கொடுத்தாள். ஒரு பெயருக்கு நாலு நிமிடம் ஆனது.

“அடுத்த கட்டம் இன்னா கேக்குது? எனக்குக் கண்ணு தெரியல,” என்றாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

“வேலையில என்னிக்கு சேர்றீங்கன்னு கேக்குது.”

“இன்னிக்கேன்னு போடுடி,” என்றாள்.