பேருந்தில் வந்த பார்சல்

நகரப் பேருந்துப் பணிமனையில் அவருக்கு வைத்திருந்த பெயர் தொட்டில். அவர் ஓட்டுகிற வண்டியில் ஏறினால் அழுகிற கைக்குழந்தை அடங்கிவிடும், நின்றுகொண்டு வருகிற ஆள்கூடக் கம்பியைப் பிடித்தபடியே கண்ணயர்ந்துவிடுவான் என்று நடத்துநர்கள் சொல்வார்கள். அவர் பிரேக் போட்டால் வண்டி நின்றது தெரியாது. ஜன்னலுக்கு வெளியே கடைகள் நகராமல் இருப்பதைப் பார்த்துத்தான் நிறுத்தம் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும். சிறியவர்கள் தொட்டில் அண்ணன் என்பார்கள், சமவயதுக்காரர்கள் வெறும் தொட்டில் என்பார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான் என்றாலும் அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை.

அந்தப் பெருமை ஒரு மழை நாளில் போயிற்று. வளைவில் சறுக்கிய ஒரு மோட்டார் சைக்கிள் நேராகப் பேருந்தின் முன்சக்கரத்தை நோக்கி வந்தது. அவர் மிதித்த மிதியில் வண்டி நின்றது. வந்தவனுக்குக் கால் எலும்பு முறிந்ததோடு போயிற்று. விசாரணையில் ஓட்டுநர் மேல் தப்பே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அடிபட்டவனே ஊன்றுகோலோடு பணிமனைக்கு வந்து, "அண்ணே, நீங்க மட்டும் அப்படி மிதிக்கலேன்னா நான் இன்னிக்குச் செவுத்துல போட்டோவாத்தான் தொங்கிட்டிருப்பேன்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

எல்லாரும் சொல்லிவிட்டார்கள். கைதான் கேட்கவில்லை. ஸ்டியரிங்கைத் தொட்டால் உள்ளங்கை ஈரமாகிவிடும். ஈரத் தார்ரோட்டில் இரும்பு உரசிய அந்தச் சத்தம் காதுக்குள் புறப்பட்டுவிடும். பலமுறை ஏறிப் பார்த்தார், பலமுறை இறங்கி வந்தார். கடைசியில் பணிமனை மேலாளர், "கொஞ்ச நாள் உள்ள உட்காருங்க. மனசு சரியானதும் பார்த்துக்கலாம்" என்று சொல்லித் தொலைந்த பொருள் அறைக்கு மாற்றினார். நல்ல மனிதர். ஆனால் அந்தக் கொஞ்ச நாள் இரண்டு வருடத்தைத் தாண்டிவிட்டது.

அவருடைய மனைவிக்குப் பிரசவ வார்டில் ஆயா வேலை. வெளியூரில் இருக்கிற மகள் தொலைபேசியில், "அப்பாவை மறுபடி ஓட்டச் சொல்லும்மா" என்று நச்சரிக்கும்போதெல்லாம், "வலி எடுக்காதவளை முக்கச் சொல்லி என்னடி பிரயோஜனம்? வர்றப்போ வரும்" என்று வெட்டிவிடுவாள். அவரிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காமல் இருக்கிறாள் என்பது அவருக்கும் தெரியும்.

தொலைந்த பொருள் அறை டயர்க் கிடங்குக்குப் பக்கத்தில் இருந்தது. பேருந்தில் மனிதர்கள் எதையெல்லாம் மறந்துவிட்டுப் போகிறார்கள் என்று அங்கே வந்துதான் அவர் தெரிந்துகொண்டார். குடைகள் ஒரு மூலை நிறைய. சாப்பாட்டுப் பெட்டிகள், மூக்குக் கண்ணாடிகள், கைக்குட்டையில் சுற்றிய ஒரு பல்செட், ஒற்றைக் காலணி. ஒற்றைக் காலோடு இறங்கி எப்படி நடந்து போனான் என்று அதை எடுத்துத் துடைக்கும்போதெல்லாம் யோசிப்பார்.

ஒருநாள் காலை ஒரு நடத்துநர் மூடி போட்ட கூடையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"கடைசி சீட்டுல இருந்துச்சுண்ணே. பார்த்துத் திறங்க. அசையுது."

திறந்தால் ஒரு பூனை. சாம்பல் நிறம், கறுப்பு வரிகள், ஒரு காதின் நுனி கிழிந்திருந்தது. அது சீறவுமில்லை, ஓடவுமில்லை. இதற்கு மேல் என்ன நடந்துவிடப் போகிறது என்பதுபோல அவரை நிமிர்ந்து பார்த்தது. அடியில் ஒரு பழைய கம்பளிச் சட்டையை மடித்துப் போட்டிருந்தார்கள். ஓரத்தில் காகிதத்தில் பொதிந்த ஒரு துண்டு மீன்.

"குடையை மறக்கலாம், பூனையை எப்படிய்யா மறப்பாங்க?"

"மறந்தாங்களோ, விட்டுட்டுப் போனாங்களோ" என்றார் நடத்துநர்.

விட்டுப் போனவர் எவரோ, மனசில்லாமல்தான் போயிருக்கிறார் என்று அந்த மீன்துண்டைப் பார்த்ததும் அவருக்குப் பட்டது. மாலைவரை யாரும் தேடி வரவில்லை. மேலாளர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கெட்டுப் போற பொருளை அன்னிக்கே அப்புறப்படுத்தணும்னு ரூல் இருக்கு. மீசை வச்ச பொருளுக்கு ஒரு ரூலும் இல்லையே!" என்று தலையைச் சொறிந்தார். பிறகு யாரிடமோ விசாரித்து, விலங்குக் காப்பகத்தின் எண்ணை வாங்கிக் கொடுத்தார்.

எடுத்தது ஒரு பெண் குரல். பின்னால் நாய்கள் கச்சேரி நடத்திக்கொண்டிருந்தன.

"வண்டி இருக்குங்க, ஓட்டுறவர்தான் வேற வேலைக்குப் போயிட்டாரு. நீங்களே கொண்டாந்துருங்களேன், புண்ணியமாப் போகும்!"

கூடையை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் பயணியாகவே போனார். காப்பகம் மரக்கடைகளுக்குப் பின்னால் ஒரு பழைய கிடங்கில் இருந்தது. பினாயில் வாசனையும் வெந்த சோற்று வாசனையும் கலந்து வந்தன. இரண்டு பக்கமும் கம்பிவலை அறைகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மூக்கு வெளியே நீண்டது. நடுவே பெரிய அண்டாவில் துடுப்பால் கிளறிக்கொண்டிருந்த அம்மாள்தான் தொலைபேசியில் பேசியவர். முன்பு தொழிலாளர் விடுதியில் சமையல் வேலை பார்த்தவராம். இங்கே சமையல், கணக்கு, காவல் எல்லாமே அவர்தான். எல்லாருக்கும் அவர் அக்கா. தன்னைவிட இளையவர் என்று தெரிந்தும் தொட்டிலும் அக்கா என்றே கூப்பிட ஆரம்பித்தார்.

அக்கா கூடைக்குள் கையை விட்டுப் பூனையின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அண்ணே, நீங்க கொண்டாந்தது பார்சல் இல்ல. பார்சலுக்குள்ள பார்சல்!"

அன்றிலிருந்து அதற்குப் பெயர் பார்சல். உரியவர் தேடி வந்தாலும் வரலாம், கொஞ்ச காலம் இங்கேயே இருக்கட்டும் என்றார் அக்கா. ஒப்படைத்துவிட்டு வந்ததோடு அவர் வேலை முடிந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த விடுமுறை நாளில் கால் தானாக அந்தப் பக்கம் போயிற்று. அதற்கடுத்த வாரமும் போயிற்று. போனால் சும்மா இருக்க முடியுமா? தண்ணீர்த் தொட்டி கழுவினார், அறைகளைப் பெருக்கினார், மிரண்டுபோன நாய்களின் பக்கத்தில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அங்கே அவரை யாரும் 'எப்ப மறுபடி ஓட்டப் போறீங்க' என்று கேட்கவில்லை. வலையின் மறுபக்கம் இருந்தவர்களும் எப்போது சரியாவோம் என்று தெரியாதவர்கள்தான். அவர்களுக்கு நடுவில் அவருக்கு மூச்சு சீராக வந்தது.

வீட்டில் மனைவி அவர் சட்டையை உதறிவிட்டு ஒரு மயிரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"என்னங்க, நரைச்ச முடியா இருக்கே. என் வயசுக்காரியா?"

"உன்னைவிட அமைதியானவ" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த வேடிக்கை அது. அவள் உடனே திரும்பிக்கொண்டு சட்டையை மறுபடி உதறினாள். அடுத்த வாரம், "அவளை நானும் பார்க்கணுமே" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அவர்கள் போனதற்கு முந்தின நாள்தான் பார்சல் மூன்று குட்டிகள் போட்டிருந்தது. பூனை என்றாலே முகம் சுளிக்கிறவள், வார்டுக்குப் போகிற துணியில் மயிர் ஒட்டும் என்று வாசலோடு விரட்டுகிறவள், அந்த அறைக்குள் நுழைந்ததும் ஆளே மாறிப்போனாள். குனிந்து பார்த்தாள். மூன்றும் பால் குடிக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகக் கவனித்தாள். பிறகு நிமிர்ந்து அக்காவிடம், "தாய்க்காரி இளைச்சுக் கெடக்குறா. இன்னும் கொஞ்சம் கூடச் சாப்பாடு வைங்க. அப்புறம், இந்தக் கதவை அடிக்கடி தொறக்காதீங்க, பச்ச உடம்பு" என்று உத்தரவு போட்டாள்.

அக்கா, "சரிங்கம்மா" என்று கைகட்டி நின்றார்.

கிளம்பும்போது வாசலில் நின்று மனைவி கேட்டாள்: "இவளை எப்ப டிஸ்சார்ஜ் பண்ணுவீங்க?"

தொட்டில் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தாள்.

கூடைக்கு உரியவர் வரவே இல்லை. குட்டிகள் பால்மறந்து, சோறு தின்று, ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்து விளையாடுகிற பருவம் வந்தது. ஊர் நடுவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் தத்து முகாம் ஏற்பாடாகியிருந்தது. குட்டிகளுக்கு வீடு தேடித் தர அவற்றை அங்கே கொண்டுபோக வேண்டும். ஓட்டுநர் இன்னும் கிடைக்கவில்லை.

"அதுக்கென்ன, நான் ஓட்டுறேன்" என்றார் அக்கா. போன வருடம்தான் உரிமம் எடுத்தாராம். "நீங்க கூண்டை மடியில வச்சுக்கிட்டு உட்காருங்கண்ணே. அது போதும்."

தொட்டில் உட்கார்ந்தார். அக்கா முதல் கியரைப் போட்டார். வண்டி ஒரு கனைப்புக் கனைத்துவிட்டுத் தவளைபோலத் தாவி நின்றது. மறுபடி தாவியது. தெருவுக்கு வந்தபின் மாற்ற வேண்டிய கியரை மாற்றாமல் அது அலறுகிற அளவுக்கு ஓட்டினார். பிரேக்கை மிதிக்கும்போது கரப்பான்பூச்சியை மிதிப்பதுபோல மிதித்தார். ஒவ்வொரு மிதிக்கும் மூன்று குட்டிகளும் கூண்டின் முன்பக்கம் உருண்டு வந்து மோதிக் கத்தின.

"அக்கா, கிளட்ச்."

"ஆங், போட்டுட்டேன்."

"அது போடுறதுக்கில்லக்கா, விடுறதுக்கு. மெல்ல விடணும்."

"மெல்லத்தான் விட்டேன்!"

ஒரு லாரிக்காரர் தலையை நீட்டி ஏதோ சொன்னார். அக்கா சற்றும் கவலைப்படாமல், "அவருக்கு என்ன அவசரமோ" என்று சிரித்தார். அடுத்த திருப்பத்தில் வண்டி நடைபாதையை உரசியது. ஒரு குட்டி பயத்தில் கூண்டுக்குள்ளேயே நனைத்துவிட, அது அவர் மடியில் சூடாக இறங்கியது. அவ்வளவுதான். இத்தனை வருடம் சேர்த்துவைத்த தொழில் மானம் அவருக்குள் பொங்கி எழுந்தது.

"நிறுத்துங்கக்கா! ஓரமா நிறுத்துங்க. இறங்குங்க. இந்தாங்க, கூண்டைப் பிடிங்க."

அக்கா இறங்கிச் சுற்றி வந்தார். இவர் இருக்கையைப் பின்னால் தள்ளினார், கண்ணாடியைச் சரிசெய்தார், கியரை நடுவில் வைத்து ஆட்டிப் பார்த்தார், பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டு நகர்த்தினார். இரண்டு தெரு தாண்டி, ஒரு சிக்னலில் நிற்கும்போதுதான் தன் கைகளைக் கவனித்தார். ஸ்டியரிங்கின் மேல் இருந்தன. உலர்ந்திருந்தன.

குட்டிகளின் சத்தம் அடங்கியிருந்தது. அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை விழுந்தும் வண்டி நகராததால் பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

"அண்ணே, போலாம்" என்றார் அக்கா மெதுவாக. போனார்கள்.

முகாமில் மூன்று குட்டிகளுக்கும் வீடு கிடைத்தது. ஒன்றை ஒரு தையற்கடைக்காரர் சட்டைப்பைக்குள் போட்டுப் பார்த்து, மனசு வராமல் கையிலேயே ஏந்திக்கொண்டு போனார். இரண்டை ஒரே வீட்டு அண்ணன் தங்கை, எது யாருடையது என்று சண்டை போட்டபடியே தூக்கிப் போனார்கள். திரும்பி வரும்போது அவர் அக்காவுக்கு நன்றி சொல்ல வாயெடுத்தார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "உங்க கிளட்ச்சுக்கு ரொம்ப நன்றிக்கா" என்றார். அவருடைய கதை அதுவரை அக்காவுக்குத் தெரியாது. அன்றுதான் முழுக்கச் சொன்னார். அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

பின்னாளில் மனைவி அக்காவைத் தனியாகப் பிடித்து, "உண்மையச் சொல்லு, வேணும்னேதானே அப்படி ஓட்டினே?" என்று கேட்டாள். அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏம்மா, என்னால முடிஞ்ச அளவுக்கு நல்லாத்தானே ஓட்டினேன்!"

பார்சலைத் தருவதற்கு முன் அக்கா, பழகினவர்கள் ஆயிற்றே என்று எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. சம்பந்தி வீட்டார் மாதிரி வீட்டுக்கு வந்து ஜன்னல் வலையை இழுத்துப் பார்த்தார், பால்கனியை எட்டிப் பார்த்தார், வெளியூர் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று குறுக்கு விசாரணை செய்தார். இனிக் குட்டி போடாதபடி அறுவைச் சிகிச்சை முடிந்து, தையல் ஆறியபின் பார்சல் வந்து சேர்ந்தது. முதல் வாரம் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. பிறகு ஒருநாள், வேலை முடிந்து காலை நீட்டிப் படுத்திருந்த மனைவியின் வயிற்றின்மேல் ஏறிச் சுருண்டுகொண்டது. "என்னங்க, எனக்குத் தண்ணி வேணும், எந்திரிக்க முடியாது" என்று அவள் அடிக்குரலில் கூப்பிட்டாள். அன்று சமையலும் அவர்தான்.

மேலாளரிடம் போய், "மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன்" என்றபோது, அவர் நாற்காலியைவிட்டு எழுந்துவந்து கைகொடுத்தார். சோதனை ஓட்டமெல்லாம் முடிந்து, கூட்டம் குறைந்த ஒரு சின்னத் தடத்தில் ஆரம்பித்தார். முதல் நாள் மனைவி விடுப்பு எடுத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்தபடி போவதும் வருவதுமாக நாள் முழுக்கப் பயணம் செய்தாள். நடத்துநர் டிக்கெட் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் ஒவ்வொரு தடவையும் காசு கொடுத்து வாங்கினாள். மழை நாளில் இப்போதும் அவருக்கு உள்ளங்கை கொஞ்சம் வேர்க்கும். துடைத்துக்கொண்டு ஓட்டுவார்.

விடுமுறை நாளில் காப்பக வண்டி அவருடையது. அடிபட்டதை மருத்துவரிடம் கொண்டுபோவார், தத்துக் கொடுத்ததை வீடுவரை கொண்டு விடுவார். சம்பளம் தருகிறோம் என்று காப்பகத்தார் சொன்னபோது, "நான்தான் உங்களுக்குக் குடுக்கணும்" என்று மறுத்துவிட்டார்.

போன வாரம் கணக்குப்பிள்ளை வேலை பார்க்கிற ஒரு பெண்மணி, பல் விழுந்த ஒரு கிழட்டு நாயைத் தத்தெடுத்தார். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் நாயைவிட அவர்தான் அதிகம் நடுங்கினார்.

"அண்ணே, எனக்கு நாய் வளர்த்துப் பழக்கமே இல்ல. இவனுக்கு என்னைப் பிடிக்காமப் போயிட்டா?"

"ஒத்து வரலேன்னா திரும்பக் கூட்டிட்டு வாங்க. அக்கா ஒண்ணும் திட்ட மாட்டாங்க" என்றார் தொட்டில். "அதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்மா. முதல்ல வீட்டுக்குப் போவோம். வலது பக்கமா, இடது பக்கமா?"

"நேராப் போய் இடது பக்கம்" என்றார் அந்தப் பெண்மணி, நாயின் கழுத்தில் கையை வைத்தபடி.