இன்பமேரியின் ஓட்டையிலைச் செடி

சக்குபள்ளத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிநாடு போகிறவர்கள் சாவியை அண்ணன் தம்பியிடம் கொடுப்பார்கள், நாயை யார் தலையிலாவது கட்டுவார்கள், தொட்டிச் செடிகளைச் சிசிலியிடம் கொண்டுவந்து வைப்பார்கள். இப்படி யாரும் பேசி முடிவு செய்யவில்லை. ஆறேழு வருஷத்துக்கு முன்னால் மருந்துக்கடைக்காரர் வீட்டு பீஸ் லில்லிச் செடி ஒன்று தலை தொங்கிப்போய் அவளிடம் வந்தது. அடுத்த நாளே நிமிர்ந்தது, இரண்டாவது மாதம் பூவும் விட்டது. பேச்சு பரவிவிட்டது, அவ்வளவுதான்.

சிசிலிக்கு ஐம்பத்திரண்டு வயது. ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்குகிற வேலை. உலர்ந்து வந்த காயை மேசையில் பரப்பி, பச்சை வேறு, வெடித்தது வேறு, கறுத்தது வேறு என்று பிரிக்க வேண்டும். அந்தக் கண்ணோடுதான் வீட்டுக்கு வந்து செடிகளையும் பார்ப்பாள். எஸ்டேட் தொழிலாளர் லயத்து வீட்டின் முன்னறையில் ஜன்னலையொட்டிப் பதினான்கு தொட்டி. ஒவ்வொன்றிலும் எந்த வீட்டுச் செடி என்று பேர் எழுதி ஒட்டியிருக்கும். ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பாள். ஈரம் தட்டினால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. பாம்புச் செடிக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தம்ளர் போதும். சனிக்கிழமைதோறும் ஈரத்துணியால் இலையெல்லாம் துடைப்பு.

"ஏட்டி, நம்ம மவன் ரிஜினு மூஞ்சிய நீ ஒருநா இப்படித் துடைச்சிருப்பியா?" என்பார் அவள் புருஷன் யாக்கோபு.

"அவன் தலைய தலைய ஆட்டுவான். இது ஆட்டாம நிக்கில்லா."

பதினான்கில் ஒன்றுக்கு மட்டும் பேர்ச்சீட்டு கிடையாது. அது இன்பமேரியின் செடி. மான்ஸ்டெரா என்று பேராம்; லயத்தில் எல்லாருக்கும் அது ஓட்டையிலை. உள்ளங்கை அகலத்தில் தொடங்கிய இலைகள் சுளகு அளவுக்கு விரிந்து, தாமாகவே ஓட்டை விழுந்து கிழிந்து நிற்கும். தண்டிலிருந்து கயிறு கயிறாக வேர்கள் காற்றில் தொங்கும். இன்பமேரி ஒரு மூங்கிலை ஊன்றி, தன் பழைய சேலைக்கரையைக் கிழித்து அதைக் கட்டி வைத்திருந்தாள்.

இன்பமேரி பக்கத்து வீட்டுக்காரி. இருபத்து மூன்று வருஷம் ஸ்டோரில் சிசிலிக்கு எதிரே உட்கார்ந்து காய் பொறுக்கியவள். போன வருஷம் வயிற்றில் கட்டி என்று படுத்தாள். மகள் ஜிஸ்மி அயர்லாந்தில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. "பிள்ளைட்ட சொல்லாத, எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துரும்" என்று சிசிலியின் கையில் ஜெபமாலையை வைத்துச் சத்தியம் வாங்கினாள். ஞாயிறு சாயங்காலம் ஜிஸ்மி வீடியோவில் வரும்போதெல்லாம் இன்பமேரிக்குத் தலைசீவி, கொஞ்சம் பவுடர் போட்டு, முகம் மட்டும் தெரியும்படி போனைப் பிடித்தது சிசிலிதான். "அம்மா நல்லாயிருக்கா" என்று சொன்னதும் அவள்தான். கடைசியில் ஜிஸ்மி அம்மாவின் அடக்கத்தையும் அதே போனில்தான் பார்த்தாள்.

இன்பமேரி இருந்த லயத்து வீட்டை எஸ்டேட் திரும்ப எடுத்துக்கொண்டது. பண்டம் பாத்திரம் சொந்தக்காரர்களுக்குப் போயிற்று. மிச்சம் இந்தச் செடி. ஜிஸ்மி போனில் சண்டை போடவில்லை. "அத்தை, அது உங்கட்ட இருக்கட்டும். இனிமே எங்கிட்ட எதையும் மறைக்காதீங்க" என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போன் வந்தது. சிசிலி செடியைக் காட்டினாள். எந்த இலையில் எத்தனை ஓட்டை என்று ஜிஸ்மிக்கு அத்துப்படி.

நவம்பர் கடைசியில் சிசிலி கம்பத்துக்குப் போக வேண்டி வந்தது. தங்கை எப்சிபாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். பன்னிரண்டு நாள். போகும்போது, "எதுக்கும் தண்ணி ஊத்தாதீங்க. நா வாரது வரைக்கும் தாங்கும்" என்று யாக்கோபிடம் இரண்டு தடவை சொன்னாள்.

யாக்கோபு ஏலத்தோட்டத்தில் முப்பத்தோரு வருஷம் கங்காணியாக இருந்து ஓய்ந்தவர். மழை விட்டு நவம்பர் முடியும்போது ஏலத் தூருக்கு மண் அணைக்க வேண்டும். மழையில் அரித்து வெளியே தெரிகிற வேரையெல்லாம் மேல்மண் போட்டு மூடி, மேலே சருகு பரப்ப வேண்டும். வேரை வெளியே தெரியவிட்ட வேலைக்காரன் அவரிடம் வாங்காத ஏச்சு கிடையாது. சிசிலி போன இரண்டாம் நாளே, சும்மா உட்கார்ந்திருந்த மனுஷன் கண்ணில் ஓட்டையிலையின் தொங்கும் வேர்கள் பட்டன. தோட்டத்திலிருந்து இரண்டு சட்டி கருப்பு மண் அள்ளிவந்தார். வேர்களைச் சுருட்டித் தொட்டிக்குள் வைத்து, தண்டின் நாலு கணு மூடும்படி மண்ணைக் குவித்து, கையால் அமுக்கி, சருகும் போட்டார். அணைத்த மண் இறுக வேண்டுமே என்று தினமும் ஒரு செம்பு தண்ணீரும் விட்டார்.

சிசிலி கம்பத்திலிருந்து வந்து பையை இன்னும் கீழே வைக்கவில்லை. ஓட்டையிலையில் கீழ் இலை மூன்றும் மஞ்சள்.

"யாரு இதுல கை வச்சது?"

"வேரெல்லாம் வெளிய கெடந்துச்சு. நீயும் கவனிக்கல..."

அவள் மண்ணைத் தோண்டினாள். நாற்றம் எழுந்தது, அழுகிய வெங்காயம் மாதிரி. தண்டைத் தொட்டதும் தோல் விரலோடு வந்தது.

"இது காத்துல வேர் விடுற சாதி. இத மண்ணப் போட்டு மூடுனா மூச்சு முட்டாதா?"

யாக்கோபு முகம் சுண்டிப்போயிற்று. "துருசு மருந்து கலக்கட்டா? ஏலத்துக்கு அழுகல் வந்தா அதான் அடிப்போம்."

"நீங்க ஒண்ணும் கலக்க வேண்டாம். தள்ளி நில்லுங்க."

அன்றைக்குத் தேதி டிசம்பர் நாலு. இருபத்தெட்டாம் தேதி இன்பமேரிக்கு முதல் வருஷப் பூசை. ஜிஸ்மி இருபத்தாறாம் தேதி வருகிறாள், டிக்கெட் எடுத்தாயிற்று.

பழம் நறுக்குகிற கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்தாள். அழுகிய இடத்துக்கு ஒரு கணு மேலே வெட்டினாள். வெட்டுவாயில் நடுவே பழுப்பு வளையம். கத்தியைத் திரும்பத் துடைத்து, இன்னொரு கணு மேலே. வளையம் சிறிசாயிற்று, போகவில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு சுளகு இலை தரையில் விழுந்தது. ஆறாவது வெட்டில்தான் வெள்ளையாகத் தெரிந்தது. மிச்சமிருந்தது ஒரு முழத் தண்டு. அதைக் கணு கணுவாக நாலு துண்டு போட்டாள். கணு இல்லாத துண்டு எத்தனை நாள் பச்சையாக இருந்தாலும் துளிர்க்காது என்பது அவளுக்குத் தெரியும்.

வெட்டுவாய் காயட்டும் என்று ஒருநாள் விட்டு, நிழல்மரத்தில் படர்ந்திருந்த பாசியை உரித்து வந்து, ஈரம் சொட்டாமல் பிழிந்து, பிளாஸ்டிக் டப்பாக்களில் அடைத்துத் துண்டுகளைப் படுக்க வைத்தாள். ஆனால் டிசம்பர் குளிர். விடிந்து பத்து மணி வரைக்கும் பனிமஞ்சு ஜன்னலை விட்டு நகராது. இந்தக் குளிரில் வேர் எப்படி விடும்?

ஸ்டோரில் காய் உலர்த்துகிற அறையின் வெளிச்சுவர் எந்நேரமும் இளஞ்சூடாக இருக்கும். அடுப்பைப் பார்த்துக்கொள்கிற சிஜுவிடம் கேட்டாள்.

"சேச்சி, இது காய் உணக்குற இடமா, பிரசவ வார்டா?" என்றான் சிஜு. ஆனாலும் சன்னல் வெளிச்சம் படுகிற மாதிரி சுவரோரம் ஒரு பலகை அடித்துக் கொடுத்தான்.

முதல் ஞாயிறு போன் வந்தபோது, "கரண்ட் இல்லம்மா, ஒண்ணும் தெரியாது" என்றாள் சிசிலி. தலைக்கு மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சொன்ன வாய் கசந்தது.

வாரத்தின் நடுவில் ஒரு துண்டு கறுத்தது. தூக்கிப் போட்டாள். வியாழக்கிழமை ஈரக்காய் லோடு அதிகம் வந்து சிஜு சூட்டை ஏற்றினான்; சுவரை ஒட்டியிருந்த இன்னொரு துண்டு வற்றலாகிவிட்டது. மிச்சம் இரண்டு.

"நா ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாத" என்றார் யாக்கோபு. "கம்பம்மெட்டு நர்சரியில இதே செடி நிக்கி. இதவிடக் கொழுகொழுன்னு. வாங்கிட்டு வந்து மேரியோட தொட்டியில வச்சிட்டா, அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியப்போவுது?"

சிசிலி சனிக்கிழமை லீவு போட்டு, பஸ் மாறிக் கம்பம்மெட்டுக்குப் போகத்தான் செய்தாள். நர்சரிக்காரர் செடியை எடுத்து வெளியே வைத்தார். நல்ல செடிதான். அழுக்குப் படாத இலை. சேலைக்கரையை எடுத்து மூங்கிலில் சுற்றிவிட்டால் தீர்ந்தது. இலையின் ஓட்டைக்குள் விரலை விட்டுக்கொண்டு அவள் நின்றாள். இன்பமேரியின் கன்னத்தில் பவுடர் தடவிய விரல் அது. பவுடரை வேர்வை அரித்துவிடும். அது தெரியாமலிருக்கப் போனைத் தள்ளிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

"எடுத்து வைக்கட்டா?" என்றார் கடைக்காரர்.

"வேண்டாம்."

மறுநாள் ஞாயிறு. ஜிஸ்மி கூப்பிடும் நேரத்துக்கு முன்னாலேயே சிசிலி ஸ்டோர் சாவியை வாங்கிக்கொண்டு போய்ப் பலகை முன்னால் நின்றாள். போன் அடித்தது.

"என்ன அத்தை, ஸ்டோர்ல நிக்கிறீங்க? ஞாயித்துக்கிழமையும் வேலையா?"

"இல்லம்மா. இன்னைக்கு ஒண்ணக் காட்டணும். கட் பண்ணிராம பாரு." போனைத் திருப்பினாள். பாசி டப்பாவும், அதில் படுத்திருந்த இரண்டு துண்டுத் தண்டும் தெரிந்தன. "இதான் ஓட்டையிலை. இவ்வளவுதான் மிச்சம். மாமா தெரியாம மண்ணப் போட்டு மூடிட்டாங்க. அழுகிப்போச்சு. போன ஞாயிறு கரண்ட் இருந்துச்சு. நான் பொய் சொன்னேன்."

படம் உறைந்துவிட்டதோ என்று சிசிலி போனைத் தன் பக்கம் திருப்பினாள். ஜிஸ்மி முகம் அசையாமல் இருந்தது. கண் மட்டும் சிமிட்டியது. பிறகு போன் கட் ஆயிற்று.

அதற்கடுத்த ஞாயிறு போன் வரவில்லை. சிசிலி இரண்டு தடவை கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுநாளும் அப்படித்தான்.

"வாங்கி வச்சிருந்தா இந்தப் பாடு இல்ல" என்று யாக்கோபு தொடங்கினார். அவள் பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

கிறிஸ்துமஸ் வந்தது போனது. இருபத்தாறாம் தேதி ஜிஸ்மி வந்துவிட்டாள் என்று ஜீப் டிரைவர் சொன்னான். சித்தப்பா வீட்டில் இறங்கினாளாம். லயத்துப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. மறுநாள் சிசிலி பொறுக்கு மேசையில் இருந்தாள். நல்ல காயை வெடித்ததோடு தள்ளிவிட்டு, திரும்ப எடுத்தாள். மூன்று தடவை அப்படி ஆயிற்று.

பதினொரு மணிக்கு வாசலில் நிழல் தட்டியது. ஜிஸ்மி. மெலிந்திருந்தாள். உள்ளே வந்து, அம்மா உட்காருகிற ஸ்டூலைப் பார்த்தாள். இப்போது அதில் வேறொருத்தி இருந்தாள். அங்கே நிற்கவில்லை. நேரே சுவரோரப் பலகைக்குப் போனாள்.

சிசிலி எழுந்து பின்னாலேயே போனாள். "ஒரு துண்டு இன்னும் அப்படியேதான் இருக்கு. மத்ததப் பாரு."

ஜிஸ்மி பாசியை விரலால் விலக்கினாள். கணுவின் அடியில், அரிசிமணி நீளத்துக்கு வெள்ளையாக ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

"எப்ப வந்துச்சு?"

"திங்கக்கிழம."

"அன்னிக்கு ஏன் கூப்பிட்டுச் சொல்லல?"

"கூப்பிட்டேன். நீ எடுக்கல."

ஜிஸ்மி டப்பாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க காட்டுன அன்னைக்கு பாத்ரூம்ல போயி அழுதுட்டுத்தான் டூட்டிக்குப் போனேன். செடிக்காக இல்ல அத்தை. அம்மாவ இப்படி ஒருநா போனத் திருப்பிக் காட்டியிருக்கலாம்ல? நா வந்திருப்பேன்ல?"

உங்கம்மா சத்தியம் வாங்கினாள் என்று சொல்லலாம். ஜெபமாலையைச் சொல்லலாம். "காட்டியிருக்கணும்" என்றாள் சிசிலி.

சுவருக்கு அந்தப் பக்கம் சிஜு விறகு தள்ளுகிற சத்தம் கேட்டது. யாக்கோபு எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கதவோரம் தலைத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எம்மேல கோவப்படும்மா. மண்ணு அணைச்சது நாந்தான்."

"உங்க மேல என்ன கோவம் மாமா? நீங்க தெரியாம செஞ்சீங்க."

தெரிந்து செய்தது யார் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கிளம்பும்போது டப்பாவைச் சிசிலியின் பக்கம் தள்ளினாள். "பிளேன்ல கொண்டுபோக விடமாட்டாங்க. இங்கயே இருக்கட்டும். நாளைக்குப் பூசைக்கு வந்துருங்க." வாசல் வரைக்கும் போய்த் திரும்பினாள். "ஜனவரியில டூட்டிக்குச் சேந்த பிறகு ஞாயித்துக்கிழம கூப்பிடுவேன். அழுகியிருந்தாலும் சரி, செத்திருந்தாலும் சரி, எது இருக்கோ அதக் காட்டுங்க. எம்மனசு என்ன ஆகும்னு நீங்க கணக்குப் பாக்காதீங்க."

"சரிம்மா."

ஜனவரி பாதியில் அதைச் சின்னத் தொட்டிக்கு மாற்றினாள் சிசிலி. தேங்காய்நார், கரித்துண்டு, கொஞ்சமே கொஞ்சம் மண். கணுவும், அதிலிருந்து கிளம்பிய இன்னொரு வேரும் வெளியே தெரியும்படிதான் வைத்தாள். மற்றத் துண்டு வேர் விடாமலே போயிற்று; அதையும் ஞாயிற்றுக்கிழமை போனில் காட்டிவிட்டுத்தான் எறிந்தாள்.

யாக்கோபு தொட்டியைக் குனிந்து பார்த்தார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த வேரைப் பார்க்கப் பார்க்க அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஏட்டி, இதுக்குக் குளிராதா?" என்றார்.

"குளிராது. போயி காப்பியக் குடிங்க."

அவர் போகவில்லை. கட்டிய கையை அவிழ்க்காமலே இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.