வெட்டி எறிந்த அரை நிமிடம்

போன கிழமை மானிப்பாய்க்குப் போக வாடகைக் கார் ஒன்றில் ஏறினேன். கண்ணாடிகள் எல்லாம் பூட்டியிருந்தன. வெயிலில் வெந்த ரெக்சின் சீற் மணம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், என் வாய் தன்பாட்டில் "நேயர்களே, வணக்கம்" என்றது.

"ஆருக்கு அண்ணை வணக்கம்?" என்று டிரைவர் திரும்பிப் பார்த்தான்.

"உமக்குத்தான் தம்பி" என்று சமாளித்தேன்.

எங்கள் கலையகமும் ஒரு கார்தான். குருநகரில் யோகன் வீட்டு வேம்புக்குக் கீழே நின்ற அவனுடைய பழைய கார். காகமும் மீன்காரரின் ஹோர்னும் உள்ளே வராமல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஞாயிறு பின்னேரங்களில் நானும் யோகனும் சிவாவும் வேர்த்து ஒழுக ஒழுக உதைபந்தாட்டம் கதைப்போம். ஒன்பது வருசம் ஓடிய பொட்காஸ்ட். கேட்டவர்களில் பாதிப்பேர் எங்கள் சொந்தக்காரர். மிச்சம், நாங்கள் திட்டிய கோல் கீப்பர்களின் சொந்தக்காரர். பதிவதும் வெட்டி ஒட்டுவதும் என் வேலை. இருமல், ஏப்பம், தூசணம் எல்லாம் என் கையால் போகும். போனில் ஒரு கைதட்டல் பொத்தானும் வைத்திருந்தேன். பகிடி எடுபடாவிட்டால் அமத்துவேன். உங்களுக்குச் சொன்னால் என்ன, அடிக்கடி அமத்தினேன்.

யோகன் கனடாவுக்கு மகளோடு இருக்கப் போவதென்று முடிவானதும் கடைசிப் பதிவுக்கு இருந்தோம். அழுதுவிடுவேனோ என்று பயம், ஐம்பத்திரண்டு வயதில்! பதினெட்டுப் பகிடி எழுதிக்கொண்டு போனேன். ஒன்பதாவதில் யோகன் கடதாசியைப் பறித்தான்.

"நிப்பாட்டு மச்சான். மூண்டு மாசமா போறன் போறன் எண்டுறன். போகாதை எண்டு நீ ஒருக்காக்கூடச் சொல்லேல்லை. சொல்லியிருந்தா நிண்டிருப்பன்ரா."

சிவா என்னைப் பார்த்தான். யோகனும் பார்த்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? கைதட்டலை அமத்தினேன்.

வீட்டுக்கு வந்து அந்த இடத்தை வெட்டிவிட்டுப் பகிடிகளை நெருக்கி ஒட்டினேன். கலகலப்பான பிரியாவிடை என்று நேயர்கள் எழுதினார்கள். போய்ச் சேர்ந்த யோகன் போனில் கூப்பிட்டான்.

"நான் சொன்னதை ஏன்ரா வெட்டினனி?"

"ஒரே இரைச்சல் மச்சான். விளங்கேல்லை."

"ஓம்... ஓம்" என்றான். பிறகு அவன் கூப்பிடவேயில்லை. நான் கூப்பிட்டால், "அப்பா படுத்திட்டார் மாமா" என்கிறாள் மகள். அங்கே அப்போது காலை பத்து மணி.

ஒன்பது வருசக் கதையும் இணையத்தில் கிடக்கிறது, என் அசட்டுப் பகிடி ஒன்றும் குறையாமல். பழைய போனை விற்கும்போது மூலப்பதிவை அழித்துவிட்டேன். அவன் என்னிடம் கேட்ட அந்த அரை நிமிடம் மட்டும் இப்போது எங்கேயும் இல்லை.