ஞாயிற்றுக்கிழமையில் விழுந்த பாடு

எங்கள் குப்பத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை சூரியன் எழுவதற்குள் முடிந்துவிடும். இந்த இங்கிலீசுக்காரர் காலத்தில் சென்னப்பட்டணத்திலிருந்து வருகிற புதுப் பாதிரிமார்களுக்கு இது பிடிப்பதே இல்லை. தூக்கக் கலக்கத்தோடு வந்து நின்று, "ஏன் இப்படி இருட்டோடு கூடுகிறீர்கள்?" என்று கேட்பார்கள். எங்கள் சின்னதுகள் கொஞ்சமும் யோசிக்காமல், "வேதத்துலயே அப்டிதான் எழுதிக்கீது" என்று அடித்துச் சொல்லும். எங்கே எழுதியிருக்கிறது? நானும் எழுத்துக்கூட்டிப் படித்தவள்தான். என் வீட்டுக்காரருக்கு வந்த ஒரு கஷ்டத்தில் பிறந்த வழக்கம் இது. சொன்னால் சிரிப்பார்கள் என்று இத்தனை வருஷம் சொல்லவில்லை. சிரித்தால் சிரிக்கட்டும் என்று இப்போது எழுதுகிறேன்.

அப்போது பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்துக்காரர் கொடி பறந்தது. நான் சுண்ணாம்புக்குளத்திலிருந்து வாழ வந்தவள். வந்த புதிதில் என் வீட்டுக்காரர் கிறிஸ்து வேதத்துக்குப் போனார். என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? இல்லை. "நீயும் வந்துடு" என்றார், போனேன். என் நைனா ஒரு வருஷம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் கண்ணில் தண்ணீர் விட்டு ஞானஸ்நானம் வாங்கினார். நான் தலையைக் காட்டினேன், கோட்டைப் பாதிரியார் தண்ணீர் ஊற்றினார், துடைத்துக்கொண்டு வந்து உலை வைத்தேன். அதுதான் அன்றைக்கு என்னுடைய பக்தி.

எங்களுக்குப் போதிக்க வந்த உபதேசியார் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். என் வயதுதான் இருக்கும். திருப்பாலைவனம் வழியாக நடந்தே வந்து சேர்ந்தார். மெலிந்த ஆள், தண்ணீரைக் கண்டால் நடுக்கம். படகில் ஏற்றினால் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். "கண்ணத் தொறங்க உபதேசியாரே, கரையிலதான் கட்டிக்கீது படகு!" என்று நாங்கள் பெண்கள் கூவுவோம். அவரும் சிரிப்பார். கோபமே வராத மனுஷன், அதனாலேயே எனக்கு அவர்மேல் கோபம் வரும்.

சாயங்காலம் நாங்கள் இறால் ஆய்ந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து கதை சொல்லுவார். அப்போஸ்தலர்கள் போன பிறகு சபையை நடத்தின ஆதி போதகர்களுடைய கதைகள் என்றால் அவருக்கு உயிர். அவர்களுக்குக் கோவில் இல்லை, மணி இல்லை. யார் வீட்டிலாவது ஒதுங்கிக் கூடினார்கள். நாங்கள் மனப்பாடமாக ஒப்பிக்கிற விசுவாசப் பிரமாணம் இருக்கிறதே, அது அவர்கள் ஞானஸ்நானம் கொடுக்கும்போது கேட்ட கேள்விகளிலிருந்து வளர்ந்தது என்பார். "மறுதலித்துவிடு, பிழைத்துப் போ" என்று ராஜாவின் ஆட்கள் சொன்னபோது மாட்டோம் என்று சிங்கத்துக்கு முன்னால் நின்றார்கள் என்பார். எனக்குப் பாதி புரியும், பாதி புரியாது. சிங்கம் வந்தால் மட்டும் இறாலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பேன். இப்போது நினைத்தால் அந்தச் சாயங்காலங்களுக்கு மனசு ஏங்குகிறது. அந்த இறால் நாற்றமும் அவருடைய தஞ்சாவூர்ப் பேச்சும் இன்னும் ஒருமுறை கிடைத்தால் போதும் போல இருக்கிறது.

இனி பாடு. ஏரியும் கடலும் சேருகிற முகத்துவாரத்தில் இறால் ஓடுகிற நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாளில் வலை கட்டினால் வலையும் சிக்கும், மண்டையும் உடையும். அதனால் மழைக்காலம் தொடங்கும் முன்னால் ஊர் கூடி, அம்மன் கோவில் எதிரில் சீட்டுப் போட்டு, யாருக்கு எந்த நாள் என்று முறை பிரிப்பார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். உன் பாடு வருகிற நாளில் அந்த இடம் உன்னுடையது, மறுநாள் அடுத்தவனுடையது. அம்மன் பேரில் விழுந்த சீட்டை மாற்றிக்கொள்ள முடியாது. வரிசையாக மூன்று பாடு விட்டவனுக்குப் பங்கு அறுந்துபோகும். அவனுக்கு மட்டுமல்ல, அவன் பிள்ளைகளுக்கும். வேதத்துக்கு வந்தவர்களும் பாடு முறையை விடவில்லை. என் வீட்டுக்காரர் கைகட்டிக் கொஞ்சம் தள்ளி நிற்பார், சீட்டை ஊர்ப் பெரியதனக்காரர் எடுப்பார். உபதேசியார் அந்த நேரம் வேறு எங்கேயாவது பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த வருஷம் எங்கள் முதல் பாடு ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுந்தது. ஓய்வுநாளில் வலை தொட்டவனுக்கு, கோட்டைக் கோவிலில் ரொட்டியும் ரசமும் கொடுக்கிற இராப்போசன மேசையில் இடமில்லை என்பது கோட்டைப் பாதிரியாரின் கட்டளை. என் வீட்டுக்காரர் வலையைத் தொடவில்லை. "போவட்டும், அடுத்த வாட்டி வேற கெழமைல வரும்" என்றார். நானும் சரி என்றேன். அடுத்த பாடு வந்தது. அதுவும் ஞாயிற்றுக்கிழமை! அதையும் விட்டார்.

அப்புறம்தான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தோம். அந்த வருஷம் ஊரில் ஏழு பங்கு. வாரத்துக்கும் ஏழு நாள். யாருக்கு எந்தக் கிழமையில் முதல் சீட்டு விழுந்ததோ, பருவம் முழுக்க அதே கிழமைதான். சீட்டுப் போட்ட பெரியவர்கள் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? தண்ணீர் ஏறுகிறதா வடிகிறதா என்று பார்ப்பார்களே தவிர, கரையில் கிழமை பார்த்து வலை கட்டினவன் யார் இருந்தான்? ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பெரியதனக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

"சீட்டு அம்மன் பேர்ல வுழுந்துது, மாத்த முடியாதுப்பா. வர்ற பாடும் வரலனா உன் பங்கு போச்சுனு வெச்சிக்கோ" என்றார்.

என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்து மூலையில் உட்கார்ந்துவிட்டார். சோறு வைத்தேன், தொடவில்லை.

"இன்னா பண்ணப்போற?" என்றேன்.

"போவ மாட்டேன்."

"பங்கு போயிடும்யா. புள்ளைங்களுக்கு இன்னாத்த போடுவ? நாளைக்கு இந்தப் புள்ள பெரியவனாயி எவன் வலையிலயாவது கூலிக்கு நிக்கணுமா?"

"அந்த மேசைல எனக்கு எடம் குடுத்தாங்கடி" என்றார். "எங்கப்பன் பாட்டன் எவனையாச்சும் கோட்டைக்குள்ள கூப்ட்டு உக்கார வெச்சிருக்காங்களா? அத வுட்டுட்டு இறாலுக்குப் போவ சொல்றியா?"

மேசையும் அவருக்கு வேண்டும், பங்கும் எங்களுக்கு வேண்டும். ஒன்றைப் பிடித்தால் மற்றது போகும். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேரே உபதேசியார் குடிசைக்குப் போனேன்.

"உபதேசியாரே, வெளிய வாங்க!" என்று கத்தினேன். அவர் பயந்து வெளியே வந்தார். "எங்க பங்கு போவுது, தெரியுமா உங்களுக்கு? ஞாயித்துக்கெழம வேல செய்யக்கூடாதுனு சொல்றாரே உங்க பாதிரியாரு, அவருக்கு அன்னைக்கு யாரு சமைக்கிறா? குசினிக்காரன்தானே? அவனுக்குக் கட்டளை இல்லியா? சிங்கத்துக்கு முன்னாடி நின்னாங்க, நின்னாங்கனு கத சொன்னீங்களே, அவங்கள்லாம் ஞாயித்துக்கெழம இன்னா துன்னாங்க? அவங்களுக்குப் புள்ளகுட்டி இல்லியா?"

பேச்சு தாறுமாறாகத்தான் வந்தது. அவர் "பொறுங்கம்மா" என்று மட்டும் சொன்னார். பொறுக்கிறதாம்! நான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அம்மா, நீங்க கேட்டதுக்கு அன்னைக்கு எனக்குப் பதில் தெரியல" என்றார். "யோசிச்சுப் பார்த்தேன். அந்த ஆதி சபையார் இருந்த நாட்டுல ஞாயித்துக்கிழமை யாருக்கும் ஓய்வு கிடையாது. அவங்கள்ல முக்காவாசிப் பேர் அடிமைங்க, கூலிக்காரங்க. கேட்டா எஜமான் விடுவானா? அதனால விடியறதுக்கு முன்னாடியே கூடி, பாடி, ஜெபம் பண்ணிட்டு வேலைக்குப் போனாங்க. அவங்க போதகருங்க யாரும் அவங்களைத் தள்ளி வைக்கல. இத எனக்கு என் வாத்தியார் சொல்லிக்கொடுத்தார், நானும் உங்களுக்குச் சொல்லியிருக்கேன். சொல்லிட்டுச் சும்மா இருந்துட்டேன்."

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். "கோட்டைல கேட்டா?"

"நான் போகச் சொன்னேன்னு சொல்லுங்க" என்றார் உபதேசியார். அவர் சாப்பாடும் கோட்டையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது, அது எனக்கும் தெரியும்.

மறுநாள் கிழக்கு வெளுக்கும் முன்னால் கரையில் நின்றோம். வேதத்துக்கு வந்த இரண்டு மூன்று குடும்பங்கள்தான். ஊதக்காற்று அடித்தது. உபதேசியார் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கணுக்கால் தண்ணீரில், படகைத் தொட்டபடி நின்று விசுவாசப் பிரமாணம் சொன்னார். நாங்களும் சொன்னோம். ஜெபம் பண்ணினார். பிறகு என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்து, "போங்க, வலை கட்டுங்க" என்றார். அவ்வளவுதான் ஆராதனை. அன்றைக்கு இறால் குவிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். சுமாராகத்தான் விழுந்தது. ஆனால் பங்கு நின்றது. பருவம் முடியும் வரை எங்கள் பாடு வந்த ஒவ்வொரு ஞாயிறும் அப்படியே கூடினோம், பாடு இல்லாதவர்களும் வந்தார்கள். பருவம் முடிந்த பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை.

கோட்டைக்கு விஷயம் போகாமல் இருக்குமா? போனது. என் வீட்டுக்காரரையும் உபதேசியாரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். பாதிரியார் கேட்டதைத் துபாசி தமிழில் சொன்னான். உபதேசியார் முந்திக்கொண்டு, "இவர்மேல் குற்றமில்லை. வலை கட்டச் சொன்னது நான். இவர் போதகன் சொல்லுக்குக் கீழ்ப்படிந்தார்" என்று சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தபோது துபாசி கையமர்த்திவிட்டான். தீர்ப்பு உடனே வந்தது. என் வீட்டுக்காரர் மேசைக்கு வரலாம். உபதேசியாருக்கு உபதேசமும் இல்லை, மேசையும் இல்லை. என் வீட்டுக்காரர் வந்து இதைச் சொல்லிவிட்டுக் கிழிந்த வலையை எடுத்து முடிய உட்கார்ந்தார். ரெண்டும் கிடைத்துவிட்டதே என்று நான் சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். படமுடியவில்லை.

இராப்போசன நாளன்று படகில் கோட்டைக்குப் போனோம். உபதேசியாரும் வந்தார். ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால் ஒருமுறை சபையோடு கூட இருந்துவிட்டுப் போகிறேன் என்றார். வழி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தார், அன்றைக்கு யாரும் கேலி பண்ணவில்லை. கோவில் வாசலில் எல்லாரும் உள்ளே போக, அவர் படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

ஆண்கள் முதலில் மேசைக்குப் போனார்கள். பாதிரியார் ரொட்டியைப் பிட்டு ஒவ்வொருவர் கையிலும் வைத்தார். என் வீட்டுக்காரர் வாங்கினார். வாயில் போடவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு திரும்பினார். ஒல்லாந்துத் துரைமார், துரைசானிமார், எல்லாருக்கும் நடுவே வெறுங்காலோடு நடந்து வாசலுக்குப் போனார். பின்னால் பாதிரியார் ஏதோ சத்தமாகச் சொன்னார். இவர் நிற்கவில்லை.

அடுத்தது பெண்கள். என் முறை வந்தது. தட்டில் என் துண்டு இருந்தது. போய் வாங்கியிருக்கலாம், யாரும் என்னைத் தடுக்கவில்லை. வெளியே போனால் இந்த மேசை இனி எங்கள் வீட்டுக்கு இல்லை என்றும் தெரியும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன்.

படியில் வெயிலில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் ரொட்டியில் பாதியைப் பிட்டு உபதேசியார் கையில் வைத்திருந்தார். அவர் அதைப் பார்த்துக்கொண்டு குழந்தைபோல அழுதுகொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் தன் பாதியை மறுபடி பிட்டு என் கையில் கொடுத்தார்.

"அழுவாதீங்க உபதேசியாரே, துன்னுங்க" என்றேன்.

மூன்று பேரும் சாப்பிட்டோம். எனக்கு வந்தது ஒரு நகத்தளவு. அன்றைக்குத்தான் நான் வேதத்துக்கு வந்தேன்.